உங்கள் ஆல்பத்துக்கு விமர்சனம் வேண்டுமா? வெளியீட்டுக்கு 12 வாரம் முன்பே தொடங்குங்கள்

நானும் நண்பர்கள் மூவரும் சேர்ந்து எட்டுப் பாடல்கள் கொண்ட ஓர் ஆல்பம் வெளியிட்டோம். பறை, எலெக்ட்ரிக் கிட்டார், கீபோர்டு, இரண்டு குரல்கள். இரண்டு வருட உழைப்பு. வெளியான அன்று காலையில்தான் விமர்சகர்களுக்கு மெயில் அனுப்ப உட்கார்ந்தேன். 63 பேருக்கு அனுப்பியதில் 4 பேர் பதில் போட்டார்கள். அவர்களில் மூன்று பேர் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: "ஏற்கெனவே வந்துவிட்டதே, ஒரு மாதம் முன்னால் அனுப்பியிருக்கக் கூடாதா?" நான்காமவர் பாடல் வரிகளும் நல்ல புகைப்படமும் கேட்டார். நான் தேடி எடுத்து அனுப்புவதற்குள் அவருடைய பக்கம் அச்சுக்குப் போய்விட்டது.

பாட்டைக் கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தால் மனம் ஆறியிருக்கும். கிட்டத்தட்ட யாருமே கேட்கவில்லை என்பதுதான் தாங்க முடியவில்லை. அடுத்து ஐந்து பாடல்களுடன் ஓர் இ.பி. (ஆல்பத்தைவிடச் சிறிய தொகுப்பு) வெளியிட்டபோது எல்லாவற்றையும் மாற்றிச் செய்தோம். ஆறு விமர்சனங்கள் வந்தன, பாராட்டும் குறையுமாக. அந்த இரண்டு அனுபவங்களிலிருந்தும் கற்றதை, முதல் ஆல்பம் போடப்போகும் உங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் தேதி

கடைசி மாஸ்டர், அதாவது வெளியிடத் தயாரான இறுதி ஒலிக்கோப்பு, கைக்கு வந்த நாளிலிருந்து 12 வாரம் எண்ணுங்கள். அதற்குப் பிறகு வரும் வெள்ளிக்கிழமைதான் உங்கள் வெளியீட்டு நாள். 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமை வெளியாவதுதான் வழக்கம். விமர்சகர்களின் வாரமும் அதை வைத்தே நகர்கிறது.

பன்னிரண்டு வாரம் எதற்கு என்று கேட்பீர்கள். அச்சில் வரும் மாத இதழ்கள் இரண்டு மூன்று மாதம் முன்பே தங்கள் பக்கங்களை முடிவு செய்கின்றன. இணைய இதழ்களுக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் வேண்டும். நாளிதழ்களுக்கு இரண்டு வாரம் போதும். ஸ்பாட்டிஃபையில் வெளிவராத பாட்டை அதன் பாட்டுப் பட்டியல்களைத் தொகுக்கும் ஆசிரியர்களிடம் சேர்ப்பிக்க ஒரு படிவம் இருக்கிறது. அதில் ஒரு நேரத்தில் ஒரு பாட்டுதான் அனுப்பலாம். வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே அனுப்பினால், உங்களைப் பின்தொடர்பவர்களின் 'ரிலீஸ் ரேடார்' பட்டியலில் அந்தப் பாட்டு போய்ச் சேரும். பாட்டு வெளியாகிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

தவிர்க்க வேண்டிய காலம் ஒன்று உண்டு: டிசம்பர். மார்கழியில் சென்னைப் பத்திரிகைகளின் இசைப் பக்கங்கள் முழுக்கச் சபாக் கச்சேரிகள்தான் இருக்கும். வெளிநாட்டு இதழ்களோ அப்போது 'ஆண்டின் சிறந்த ஆல்பங்கள்' பட்டியலில் மூழ்கியிருக்கும். அந்த மாதம் வரும் ஆல்பம் இந்த ஆண்டுப் பட்டியலுக்கும் பிந்திவிடும், அடுத்த ஆண்டுக்குப் பழையதாகவும் ஆகிவிடும். தீபாவளி, பொங்கல் படங்களின் பாடல்கள் வரும் வாரங்களையும் விட்டுவிடுங்கள். தமிழில் பாட்டைப் பற்றி எழுதுகிற பெரும்பாலானோர் சினிமாப் பாட்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள், அந்த வாரம் அவர்களுக்கு வேறு எதற்கும் நேரம் இருக்காது.

2. காகித வேலை: இது முடியாமல் ஒரு மெயிலும் வேண்டாம்

எங்கள் முதல் ஆல்பத்தைப் பற்றி ஒரே ஒரு சின்னக் குறிப்பு வெளிவந்தது. அது வந்த அன்று, அதில் இணைப்புக் கொடுத்திருந்த பாட்டு யூடியூபில் இல்லை. கீபோர்டு வாசித்த நண்பர் எங்கிருந்தோ இறக்கிய ஒரு லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஒலிக்கும் சிறு இசைத் துண்டைப் பயன்படுத்தியிருந்தார். அதே லூப்பை வைத்து வேறொருவர் பாட்டுப் போட்டு கன்டென்ட் ஐடியில், அதாவது ஒருவரின் பாட்டை வேறு வீடியோக்களில் கண்டுபிடிக்கும் யூடியூபின் அமைப்பில், பதிந்துவிட்டார். உரிமைக் கோரிக்கை எங்கள் மேல் வந்தது. தீர்க்க மூன்று வாரம் ஆனது. அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் வெறும் கறுப்புத் திரையைத்தான் பார்த்தார்கள்.

எனவே இவற்றை முன்பே முடியுங்கள்:

- வாசித்தவர், பாடியவர், வரி எழுதியவர், மிக்ஸ் செய்தவர் ஒவ்வொருவரிடமும் கையெழுத்திட்ட ஒரு பக்க ஒப்பந்தம். யாருக்கு எத்தனை சதவீதம் என்பது அதில் இருக்க வேண்டும். பதிப்புரிமையை எழுதிக் கொடுத்தால்தான் சட்டப்படி செல்லும். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19-இன்படி ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே இரண்டையும் எழுதுங்கள். நண்பன்தானே என்று விடாதீர்கள், நட்பு கெடாமல் இருக்கவும் இந்தக் காகிதம் உதவும்.
- லூப், பீட் (பாட்டுக்கு அடியில் ஓடும் தாள இசை), சாம்பிள் (வேறு பதிவிலிருந்து எடுத்த துண்டு) எங்கிருந்து வந்தது என்ற பட்டியல், வாங்கிய ரசீதுடன். வாடகை உரிமத்தில் வாங்கிய பீட்டை அதே உரிமத்தில் இன்னும் நூறு பேர் வாங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட பாட்டைக் கன்டென்ட் ஐடியில் பதியாதீர்கள்.
- ஒவ்வொரு பாட்டுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. எண், அதாவது அந்த ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் எண். இலக்கமும் எழுத்துமாக மொத்தம் 12 கொண்டது. பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனங்களில் பெரும்பாலானவை இதை இலவசமாகவே தருகின்றன. ஆல்பம் முழுவதையும் அடையாளம் காட்டும் ஒரு யு.பி.சி. எண்ணும் அவர்களே தருவார்கள்.
- பெயர்களின் எழுத்துக்கூட்டல். ஆங்கிலத்தில் உங்கள் பெயரை ஒரே மாதிரி எல்லா இடத்திலும் எழுதுங்கள். எங்கள் பாடகியின் பெயர் மூன்று தளங்களில் மூன்று விதமாக இருந்தது. தேடியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

விநியோக நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. சில நிறுவனங்களின் மலிவான திட்டத்தில் வெளியீட்டுத் தேதியை நாமே குறிக்க முடியாது. ஏற்றியவுடன் தன் போக்கில் வெளியாகிவிடும். விமர்சகரிடம் ஒரு தேதி சொல்லிவிட்டு அதற்கு நான்கு வாரம் முன்பே பாட்டு வெளியானால் அவர் உங்களை மறுபடி நம்பமாட்டார். பணம் கட்டுவதற்கு முன் 'வெளியீட்டுத் தேதி' வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுச் சந்தா கட்டாமல் விட்டால் பாட்டுகள் இறக்கப்படுமா என்பதையும் படித்துக்கொள்ளுங்கள்.

கலைஞர்கள் நேரடியாகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் விற்கப்போகிறீர்கள் என்றால், இணையத்தில் பணம் பெற உதவும் பேபால் கணக்கு வேண்டும். அதற்கு பான் அட்டையும் வங்கிக் கணக்கும் கேட்பார்கள். இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றத்தை பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது, வெளிநாட்டுப் பணம் மட்டுமே அதில் வரும். டிஜிட்டல் விற்பனையில் பேண்ட்கேம்ப் எடுப்பது 15 சதவீதம்.

3. பிரஸ் கிட் (விமர்சகருக்கு அனுப்பும் தொகுப்பு): ஒரே ஃபோல்டர், ஒரே இணைப்பு

ஒரு நிகழ்ச்சி முடிந்து டீக்கடையில் நின்றபோது, விமர்சகர் ஒருவர் தன் போனில் டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்து காட்டினார். 'ட்ராக் 01 ஃபைனல்', 'ட்ராக் 01 ஃபைனல் நியூ', 'மாஸ்டர் 3', 'ஆடியோ 2' என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தது. எது யாருடைய பாட்டு என்று அவருக்கே தெரியவில்லை. அந்த வரிசையில் எங்கள் பாட்டும் இருந்தது. அதன் நீளம் 6:41 என்று எனக்குத் தெரியும், அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். "இதையெல்லாம் நான் கேட்க நினைத்துத்தான் இறக்கினேன் தம்பி," என்றார். அன்று இரவே எல்லாக் கோப்புக்கும் பெயர் மாற்றினேன்.

ஃபோல்டரில் இருக்க வேண்டியவை:

- கோப்பின் பெயரிலேயே குழு, வரிசை எண், பாட்டின் பெயர். 320 கே.பி.பி.எஸ். தரத்தில் எம்.பி.3 கோப்புகள் போதும். அவற்றின் உள்ளே பெயர், ஆல்பம், ஆண்டு, அட்டைப்படம் ஆகிய விவரங்களைச் சேர்த்துவிடுங்கள். வேவ் கோப்புகளில் இந்த விவரங்கள் பல பிளேயர்களில் தெரியாது, அவற்றைத் தனி ஃபோல்டரில் வையுங்கள்.
- இறக்காமலே கேட்க ஒரு தனி இணைப்பு. சவுண்ட்கிளவுடின் தனிப்பட்ட இணைப்பு போதுமானது.
- அட்டைப்படம், 3000 × 3000 பிக்சல்.
- இரண்டு புகைப்படங்கள், ஒன்று குறுக்கே, ஒன்று நெடுக்கே, அச்சுக்கு ஏற்ற 300 டி.பி.ஐ. தரத்தில். படம் எடுத்தவரின் பெயர் கட்டாயம்.
- 100 சொல் அறிமுகம். "சிறுவயது முதலே இசையில் ஆர்வம்" என்று தொடங்காதீர்கள், அது எல்லோருக்கும் பொது. என்ன பாட்டு, எங்கே பதிவானது, எதைப் பற்றியது என்று சொல்லுங்கள்.
- முழு நன்றிப் பட்டியல். பறை வாசித்த அண்ணன் பெயரும் ஊரும் விட்டுப்போகக் கூடாது.
- பாடல் வரிகள் தமிழிலும், வெளியூர்க்காரர்களுக்கு அனுப்பினால் மொழிபெயர்ப்பிலும்.

அந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன். இ.பி.யின் மூன்றாவது பாட்டு என் பாட்டி இறந்தபோது உருவான ஒப்பாரி. "பூத்தேரு ஏறிப் போறியே ஆத்தா" என்று ஒரு வரி வரும். மொழிபெயர்ப்பில் 'பூக்களால் அலங்கரித்த தேர்' என்று அப்படியே போட்டிருந்தோம். வேகமான பறை அடி வேறு. வெளிநாட்டு விமர்சகர் அதைக் கோயில் திருவிழாப் பாட்டு என்று நினைத்து, "ஆட வைக்கிறது" என்று பாராட்டி எழுதினார். அம்மா என்னிடம் அதைப் படித்துக் காட்டச் சொன்னபோது என்னால் அந்த வரியைச் சொல்ல முடியவில்லை. அந்த விமர்சகர் மேல் குறையே இல்லை. எங்கள் பக்கத்தில் பாடையைத் தேர் என்று சொல்வதும், சாவுக்குப் பறை அடிப்பதும் அவருக்கு எப்படித் தெரியும்? ஒரே ஒரு வரிக் குறிப்பு போட்டிருந்தால் போதும். சொல்லின் பொருளோடு, அந்தப் பாட்டு எந்த இடத்தில் பாடப்படுவது என்பதையும் எழுதுங்கள்.

பொறிகள் இரண்டு. கூகுள் டிரைவில் 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று மாற்றாமல் அனுப்பினால் விமர்சகர் உங்களிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும், கேட்கமாட்டார். இன்னொன்று, இலவசக் கோப்பு அனுப்பும் தளங்களின் இணைப்புகள் சில நாட்களில் காலாவதியாகிவிடும். விமர்சகர் திறப்பது ஐந்தாவது வாரமாக இருக்கலாம்.

4. யார் எதைக் கேட்கிறார்கள்

முதல் முறை கிடைத்த முகவரிக்கெல்லாம் அனுப்பினேன். இரண்டாம் முறை 22 பேருக்கு மட்டும், ஒவ்வொருவரும் கடைசியாக எழுதிய ஐந்து விமர்சனங்களைப் படித்துவிட்டு அனுப்பினேன். இதற்கு மட்டும் இரண்டு வாரம் ஆனது. ஆறு விமர்சனங்களும் வந்தது இந்த இரண்டு வார வேலையால்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஒவ்வொரு வகை இசையிலும் விமர்சகரின் காது வேறு இடத்தில் இருக்கிறது. மெட்டல் (கனமான ராக் இசை) பற்றி எழுதுபவர்கள் ஆல்பத்தை முழுசாகக் கேட்பார்கள். டிரம்ஸ் ஒலிப்பதிவு, கிட்டாரின் கனம், உள்வகையின் பெயர் எல்லாம் அவர்களுக்கு முக்கியம். த்ராஷ் இசைக்கு டெத் மெட்டல் என்று பெயர் போட்டு அனுப்பினால் முதல் நிமிடத்திலேயே மூடிவிடுவார்கள். சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றி நசுக்கிய மாஸ்டரையும் கண்டுபிடித்து எழுதுவார்கள். ஸ்பாட்டிஃபை எப்படியும் எல்லாவற்றையும் ஏறத்தாழ -14 எல்.யு.எஃப்.எஸ். (ஒலியின் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது, எனவே அந்த நசுக்கலால் லாபமும் இல்லை.

ஹிப்-ஹாப் விமர்சகர் வரியைப் பிடித்துக்கொள்வார். சிலேடை எங்கே, யாரைக் குறிக்கிறது, பீட் யாருடையது என்பது அவருக்குத் தெரிய வேண்டும். கானாவும் ராப்பும் கலந்தால், எந்தச் சொல் வடசென்னைப் பேச்சு என்று குறித்துக் கொடுங்கள். நாட்டார் இசை, உலக இசை பற்றி எழுதும் 'சாங்லைன்ஸ்' போன்ற பிரிட்டிஷ் இதழில் கருவி, ஊர், வாசித்தவர் பற்றிய குறிப்புகளைக் கவனித்துப் படிக்கிறார்கள். சோதனை இசைக்குப் பேர்போன 'தி வயர்' இதழ் மதிப்பெண்ணே கொடுப்பதில்லை, அவர்களுக்கு ஒலி எப்படி உருவானது என்று சுருக்கமாகச் சொன்னால் போதும். பேண்ட்கேம்ப் தளத்தின் இணைய இதழான 'பேண்ட்கேம்ப் டெய்லி'யும் மதிப்பெண் போடுவதில்லை. ஆனால் உங்கள் ஆல்பம் பேண்ட்கேம்பில் இருந்தால்தான் அதைப் பற்றி எழுதுவார்கள். இந்தியச் சுயாதீன இசைக்கு 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இருக்கிறது. தமிழிலும் தமிழ்நாட்டு ஆங்கிலப் பக்கங்களிலும் எழுதுபவர்களில் பலர் சினிமா ஆல்பத்தைக் கேட்டுப் பழகியவர்கள், பாட்டு பாட்டாகப் பிரித்து எழுதுவார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று வரிக் குறிப்பு கொடுத்தால் வேலை எளிதாகும். மெட்டல்காரருக்கு அதே குறிப்பு அலுப்பூட்டும்.

மெட்டாக்ரிட்டிக் பற்றி நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். விமர்சன மதிப்பெண்களைத் திரட்டும் அந்தத் தளம், தான் தேர்ந்தெடுத்த இதழ்களின் விமர்சனங்களை மட்டும் எடுத்து, குறைந்தது 4 சேர்ந்த பிறகே சராசரி மதிப்பெண் காட்டுகிறது. முதல் ஆல்பத்துக்கு அதை மறந்துவிடுங்கள்.

5. மெயில்

தலைப்பில் நான்கு விவரம்: குழு, ஆல்பம், இசை வகை, வெளியீட்டுத் தேதி. உள்ளே 150 சொல்லுக்கு மேல் வேண்டாம். முதல் வரியில் அவர் எழுதிய எந்த விமர்சனத்தைப் படித்துவிட்டு அவருக்கு அனுப்புகிறீர்கள் என்று சொல்லுங்கள். உண்மையிலேயே படித்திருந்தால் மட்டும். உங்கள் பாட்டுகளில் எதை முதலில் கேட்க வேண்டும் என்று ஒன்றைச் சொல்லுங்கள். இணைப்பை வையுங்கள். "இந்தத் தேதி வரை வெளியிட வேண்டாம்" என்ற கோரிக்கை இருந்தால் தடித்த எழுத்தில் போடுங்கள். பாட்டுக் கோப்புகளை மெயிலோடு இணைக்காதீர்கள்.

ஒருவருக்கு ஒரு மெயில். 63 முகவரிகளையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போட்டு அனுப்பியவன் நான், பதில் போட்ட நால்வரில் ஒருவர், மற்றவர்களின் தனிப்பட்ட முகவரி வெளியானதைச் சுட்டிக்காட்டியும் எழுதினார். அவரிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன்.

பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதோடு சரி. வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் துரத்த வேண்டாம்.

6. பணம் கேட்டால்

முதல் ஆல்பம் வந்து இரண்டு வாரம் ஆகியும் ஒன்றும் நடக்காத பதற்றத்தில், ஒரு விளம்பர முகவருக்கு ரூ.25,000 கொடுத்தேன். "அனுப்பிவிட்டோம்" என்று ஒரு எக்செல் பட்டியல் வந்தது. அதிலிருந்த முகவரிகளில் பாதிக்கு மேல் செத்த முகவரிகள். முகவரை வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கடந்த ஆறு மாதத்தில் அவர் மூலம் வந்த விமர்சனங்களின் இணைப்புகளைக் கேளுங்கள், அந்தக் கலைஞர்களில் இருவரிடம் பேசுங்கள், பிறகு பணம் கொடுங்கள்.

சப்மிட்ஹப், குரூவர் போன்ற தளங்கள் வழியாக, பாட்டை விமர்சகர்களுக்கும் பட்டியல் தொகுப்பவர்களுக்கும் ஒருவருக்கு நூற்றைம்பது, இருநூறு ரூபாய் அளவில் கட்டி அனுப்பலாம். அந்தக் கட்டணம் கேட்டுப் பதில் சொல்வதற்கு மட்டும்தான், பாராட்டுக்கு இல்லை. பெரும்பாலும் மறுப்புதான் வரும், ஆனால் காரணத்தோடு வரும். எங்கள் பாட்டின் முன்னிசை 50 விநாடி நீளம் என்று நான்கு பேர் தனித்தனியாகச் சொன்ன பிறகுதான் அதை வெட்டினோம்.

"ரூ.5,000 கொடுங்கள், நல்ல விமர்சனம் போடுகிறேன்" என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது விளம்பரம். விளம்பரம் என்று சொல்லாமல் போடுவது, இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இல் கொடுத்த வழிகாட்டுதலுக்கும் எதிரானது. 'பத்தாயிரம் ஸ்ட்ரீம் உறுதி' என்பவர்களிடமும் போகாதீர்கள். போலி எண்ணிக்கை பிடிபட்டால் பாட்டே இறக்கப்படலாம்.

7. செலவுக் கணக்கு

ஐந்து பாட்டு இ.பி.க்கு, ஒலிப்பதிவும் மிக்ஸிங்கும் போக, எங்களுக்கு ஆனது:

- மாஸ்டரிங், பாட்டுக்கு ரூ.3,000 வீதம்: ரூ.15,000
- அட்டைப்படம்: ரூ.6,000
- புகைப்படம்: ரூ.4,000
- விநியோகம், ஓராண்டுக்கு: ரூ.3,500
- வரிகளின் மொழிபெயர்ப்பு: ரூ.3,000
- அனுப்பும் தளங்கள்: ரூ.2,500

மொத்தம் ரூ.34,000. குறைக்க வேண்டுமென்றால் அனுப்பும் தளங்களை விடுங்கள், அட்டைப்படத்தைத் தெரிந்தவரிடம் கேளுங்கள். மொழிபெயர்ப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்.

8. விமர்சனம் வந்த பிறகு

அன்றே பதில் எழுதாதீர்கள், ஒரு நாள் போகட்டும். கருத்தில் தகராறு செய்ய வேண்டாம். பெயர், ஊர், கருவி தவறாக இருந்தால் மட்டும் இரண்டு வரியில் திருத்தம் கேளுங்கள், செய்து தருவார்கள். ஒப்பாரிப் பாட்டு விஷயத்தில் நான் எழுதிய மறுநாளே அந்த விமர்சகர் பத்தியை மாற்றி எழுதினார். பாட்டியின் பெயரையும் கேட்டுச் சேர்த்தார்.

மதிப்பெண்களை ஒப்பிடும்போது அளவுகோலைப் பாருங்கள். அமெரிக்க இசைத் தளமான பிட்ச்ஃபோர்க் 0.0 முதல் 10.0 வரை போடுகிறது, பிரிட்டிஷ் நாளிதழான கார்டியனும் சாங்லைன்ஸும் ஐந்து நட்சத்திரத்தில் அளக்கின்றன. ஓரிடத்தில் 3 நட்சத்திரம் வாங்கியது நல்ல ஆல்பம்தான். மேற்கோள் எடுத்துப் போஸ்டரில் போடும்போது முழு வாக்கியத்தையும் போடுங்கள். "குரல் அருமை, ஆனால் பாட்டு நீளம்" என்று எழுதியதை "அருமை" என்று வெட்டினால் எழுதியவர் கண்ணில் படாமல் போகாது.

ஆறு விமர்சனங்களில் மூன்று, கடைசிப் பாட்டில் குரல் பின்னால் போய்விட்டது என்றன. மெட்டல்காரர், நாட்டார் இசைக்காரர், சினிமாப் பாட்டுக்காரர், மூன்று வெவ்வேறு காதுகள். இப்படி ஒரே குறை வெவ்வேறு பக்கத்திலிருந்து வந்தால் அதைக் குறித்து வையுங்கள். ஒருவர் மட்டும் சொன்னதை ஒரு மாதம் கழித்து மறுபடி படியுங்கள்.

விமர்சனம் வந்த அன்றே பக்கத்தை பி.டி.எஃப். ஆகச் சேமித்துவிடுங்கள். தளங்கள் மாறும்போது பழைய இணைப்புகள் காணாமல் போகின்றன, எங்கள் ஆறில் ஒன்று இப்போதே திறப்பதில்லை. அடுத்த ஆல்பத்தின் பிரஸ் கிட்டில் முதல் பக்கத்தில் வைக்க அந்த பி.டி.எஃப். வேண்டியிருக்கும்.